இரண்டாவது இதழை மூடி வைத்த பிறகு: தொடர்வதா, தொகுப்புக்குக் காத்திருப்பதா, விட்டுவிடுவதா?

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தபோது என் அலமாரியிலிருந்து 'வாட்ச்மென்' தொகுப்பை எடுத்துக்கொண்டு போனான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. காமிக்ஸ் ஆசை இப்போதுதான் பிடித்திருக்கிறது. மறுநாள் காலையிலேயே போன் செய்தான். முதல் அத்தியாயத்தை ராத்திரியே முடித்துவிட்டானாம், அதற்கப்புறம் தூக்கமே வரவில்லையாம். மூன்று நாள் கழித்து இன்னொரு போன். இரண்டாவது அத்தியாயத்தில் பாதியில் நிற்கிறான். "கதையே நகரல மாமா. ஒருத்தரைப் புதைக்கிறாங்க, சுத்தி நிக்கிறவங்க ஆளாளுக்குப் பழசை நினைச்சுப் பாக்கிறாங்க. மேல படிக்கவா, வேண்டாமா?"

அவன் கையில் இருந்தது தொகுப்பு என்றாலும், அது முதலில் 12 இதழ்களாக வந்த தொடர். அவன் நின்றது சரியாக இரண்டாவது இதழில். எந்தத் தொடரை ஆரம்பித்தாலும் வாசகர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முதல் இதழை நாம் பெரிய எதிர்பார்ப்போடு திறப்பதில்லை. அட்டை பிடித்திருந்தது, நண்பர் சொன்னார், வாங்கினோம், அவ்வளவுதான். இரண்டாவது இதழைத் திறக்கும்போது முதல் இதழ் தந்த உற்சாகம் முழுவதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. படித்து முடித்ததும் மூன்று வழிகள் இருக்கின்றன. மாதாமாதம் தொடர்ந்து வாங்கலாம். ஐந்தாறு இதழ்கள் சேர்ந்து தொகுப்பாக வரும்வரை பொறுத்திருக்கலாம். இத்தோடு போதும் என்று நிறுத்திவிடலாம்.

நான் வைத்திருக்கும் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது இதழின் வேகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதல் இதழில் பார்த்த ஓர் ஆளைப் பற்றி, அங்கே தெரியாத ஏதாவது ஒன்று இரண்டாவதில் தெரியவந்ததா என்று பாருங்கள். தெரியவந்திருந்தால் அந்தத் தொடர் உங்கள் காசுக்கும் நேரத்துக்கும் தகுதியானது, எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி. முதல் இதழ் புதுமையால் நம்மைப் பிடிக்கிறது. அதே புதுமையை இரண்டாவது முறையும் யாராலும் தர முடியாது. ஆகவே முதல் இதழின் படபடப்பை இரண்டாவதில் தேடுகிற வாசகர், நல்ல தொடரிலும் ஏமாந்துபோவார்.

மருமகன் நின்ற இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்டிய 'வாட்ச்மென்' டிசி வெளியீடாக 1986 செப்டம்பர் தேதியிட்ட இதழோடு தொடங்கி, 1987 அக்டோபர் தேதியிட்ட இதழோடு முடிந்தது. முதல் இதழில் என்ன இருக்கிறது? சாக்கடை ஓரத்தில் ரத்தத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் சிரிப்பு பேட்ஜ். அங்கிருந்து பார்வை கட்டம் கட்டமாக மேலே ஏறி, உடைந்த ஜன்னலுக்குப் போகிறது. அங்கிருந்து ஒருவர் தூக்கி எறியப்பட்டிருக்கிறார். பெயர் எட்வர்ட் பிளேக், முகமூடி அணிந்த நாட்களில் 'காமெடியன்'. கொலை செய்தது யார் என்று இன்னொரு முகமூடி மனிதர், ரோர்ஷாக், கிளம்புகிறார். பழைய கூட்டாளிகளை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறார். அந்த பேட்ஜைக்கூட அவர்களில் ஒருவரான டான் வீட்டுச் சமையலறையில் டானிடம் தூக்கிப் போடுகிறார். இது துப்பறியும் கதையின் தொடக்கம். யாருக்கும் பிடிக்கும்.

இரண்டாவது இதழ் அந்தத் துப்பறிதலைக் கிட்டத்தட்ட நிறுத்தியே வைத்துவிடுகிறது. மழையில் பிளேக்கின் அடக்கம். நிற்பவர்களில் ஒருவரின் முகம் நெருக்கத்தில் வரும். அடுத்த கட்டத்தில் அதே ஆள் வேறு ஒரு வருடத்தில், வேறு ஒரு இடத்தில் இருப்பார். இப்படியே 1966-க்கும் வியட்நாமுக்கும் 1977-ன் தெருக் கலவரத்துக்கும் போய் வருகிறோம். ஒரு காலத்தில் பிளேக்கோடு ஒரே நாயகர் குழுவில் இருந்து, இப்போது அடக்கத்துக்கு வராத சாலி ஜூப்பிட்டர் கலிபோர்னியாவில் தன் மகளோடு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நினைவுதான் எல்லாவற்றிலும் முதலாவது, எல்லாவற்றிலும் கொடியது. 1940-ல் குழுப் புகைப்படம் எடுத்து முடித்த கொஞ்ச நேரத்தில், உடை மாற்றிக்கொண்டிருந்த அவரை இதே பிளேக் பலவந்தப்படுத்தப் பார்த்திருக்கிறான். அந்தப் பக்கங்களைப் படிப்பது சங்கடமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதைவிடச் சங்கடம், இத்தனை வருடம் கழித்து சாலி அவன் சாவுக்கு வருத்தப்படுவது. மகளுக்கு அது தாங்கவில்லை. எனக்கும் முதல் தடவை தாங்கவில்லை.

அப்புறம் வியட்நாம். போர் முடிந்த இரவு. பிளேக்கின் குழந்தையைச் சுமக்கும் வியட்நாமியப் பெண் வந்து, என்னை விட்டுவிட்டுப் போகப் போகிறாயா என்று கேட்கிறாள். அவன் உதறிவிடுகிறான். உடைந்த பாட்டிலால் அவன் முகத்தைக் கிழிக்கிறாள். அவன் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் டாக்டர் மன்ஹாட்டன், நினைத்தால் எந்தப் பொருளையும் வேறு பொருளாக மாற்றக்கூடியவர். "நீ ஏன் சுட்டாய்?" என்கிற ரீதியில் அவர் பேச ஆரம்பிக்க, பிளேக் அவரையே திருப்பிக் கேட்கிறான்: துப்பாக்கியையோ குண்டையோ பாட்டிலையோ நீ மாற்றியிருக்கலாமே, ஏன் மாற்றவில்லை? ஒரே பக்கத்தில் இரண்டு பேர் நமக்கு வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். சுட்டவன் எவ்வளவு கேவலமானவன் என்று தெரிகிறது. பார்த்துக்கொண்டு நின்றவர் மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டார் என்பதும், அவன் வாயாலேயே தெரிகிறது.

இதழ் முடிவதற்குள் இன்னொன்றும் நடக்கிறது. பழைய வில்லன் மோலாக், இப்போது நோயாளிக் கிழவர், ரோர்ஷாக்கிடம் ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறார். சாவதற்குச் சில நாட்கள் முன்பு பிளேக் குடித்துவிட்டுத் தன் படுக்கையருகே வந்து அழுதான் என்கிறார். யாரிடமும் இரக்கம் காட்டாதவன், தன் பழைய எதிரியிடம் வந்து அழுகிறான். எதைப் பார்த்துவிட்டு அப்படி அழுதான் என்பது நமக்குத் தெரியாது. முதல் இதழ் முடிந்தபோது என் மனதில் இருந்தது "யார் கொன்றது?" இரண்டாவது முடிந்தபோது "இவனுக்காக வருத்தப்படுவதா?" என்ற கேள்வியும் கூடச் சேர்ந்துகொண்டது. பத்து இதழ் தூரம் வாசகரைக் கொண்டுபோகிற கேள்வி அந்த இரண்டாவதுதான்.

மூர் இந்தத் தொடருக்கு ஆறு இதழுக்கான கதைதான் வைத்திருந்தார், ஆனால் பன்னிரண்டு இதழ் எழுத வேண்டியிருந்தது, அதனால் கதையை நகர்த்தும் இதழ்களுக்கு நடுவே ஆட்களைப் பற்றிய இதழ்களை வைத்தார் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அக்கா மகன் "நகரல" என்று சொன்னது அந்த அளவில் சரிதான். ஆனால் ரோர்ஷாக் தேடும் விடைக்கான தடயங்களில் பல, நகராததாகத் தெரியும் இந்த இரண்டாவது இதழில்தான் கிடக்கின்றன. எங்கே என்று அவனிடம் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரான இரண்டாவது இதழ் ஒன்றும் உண்டு. ராபர்ட் கிர்க்மன் எழுதி, டோனி மூர் வரைந்த 'தி வாக்கிங் டெட்' இமேஜ் வெளியீடாக 2003 அக்டோபரில் தொடங்கியது. குண்டடிபட்ட போலீஸ்காரர் ரிக் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறார், ஊர் முழுக்கச் செத்தவர்கள் நடமாடுகிறார்கள். மனைவியையும் மகனையும் தேடி அட்லாண்டாவுக்குக் கிளம்புகிறார். தொடக்கம் பழக்கப்பட்டதுதான். இந்தத் தேடலை வைத்தே இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம் என்றுதான் எந்த வாசகரும் நினைப்பார். கிர்க்மன் என்ன செய்தார் தெரியுமா? இரண்டாவது இதழின் முடிவிலேயே ரிக் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். முதல் இதழ் கையில் கொடுத்த கேள்வி, அடுத்த இதழிலேயே தீர்ந்துவிடுகிறது.

அப்படியானால் மூன்றாவது இதழை ஏன் வாங்க வேண்டும்? அங்கேதான் அந்த இதழின் கெட்டிக்காரத்தனம். தேடும்போது ரிக் தனி ஆள், தைரியமானவர், அவ்வளவுதான் தெரியும். கூடாரங்களுக்கு நடுவே வந்து நின்றதும் அவர் கணவர், தகப்பன், சக போலீஸ்காரர் ஷேனின் நண்பர். அவர் இல்லாத நாட்களில் அங்கே வாழ்க்கை வேறு மாதிரி ஓடியிருக்கிறது. தேடல் கதை முடிந்து, சேர்ந்து வாழ்வது எப்படி என்கிற கதை ஆரம்பிக்கிறது. அந்தக் கதைதான் 2019 வரை, 193 இதழ்களுக்கு ஓடியது. வேகம் என்று பார்த்தால் 'வாட்ச்மென்' இரண்டாவது இதழும் இதுவும் எதிரெதிர் துருவங்கள். நான் சொன்ன அளவுகோலில் இரண்டுமே தேறுகின்றன.

ஆனால் இதே தொடரில் வேறு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. டோனி மூர் முதல் ஆறு இதழ்களைத்தான் வரைந்தார். ஏழாவதிலிருந்து சார்லி ஆட்லார்ட். இரண்டு பேரும் நல்ல ஓவியர்கள், ஆனால் கோடு வேறு. மூரின் முகங்களில் ஒரு கார்ட்டூன் உருண்டை இருக்கும், ஆட்லார்டிடம் நிழலும் கரடுமுரடும் அதிகம். முதல் இதழ் உங்களுக்குப் பிடித்தது அந்தக் கோட்டுக்காக என்றால், இரண்டாவது இதழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏழாவதில் நீங்கள் தேடியது இருக்காது. அதனால் முதல் இதழை மூடியதும் ஒரு நிமிடம் உட்கார்ந்து, எனக்கு இதில் பிடித்தது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதையா, ஓவியமா, பேச்சா, அந்த உலகமா? இரண்டாவது இதழை அதைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

உலகத்துக்காகவே ஒரு தொடர் பிடித்துப்போவதற்கு 'சாகா' நல்ல உதாரணம். பிரையன் கே. வான் எழுத, ஃபியோனா ஸ்டேபிள்ஸ் வரைய, 2012 மார்ச்சில் இமேஜ் கொண்டுவந்தது. ஒன்றோடொன்று போரிடும் இரண்டு இனங்கள், ஒருவருக்குச் சிறகு, இன்னொருவருக்குக் கொம்பு. இரு பக்கத்துச் சிப்பாய்கள் காதலித்துப் பெற்ற குழந்தை பிறக்கும் நேரத்தில் கதை ஆரம்பிக்கிறது. அந்தக் குழந்தை ஹேசல்தான், பல வருடம் கழித்து, கதையைச் சொல்கிறாள். முதல் இதழ் 44 பக்கம், விலை 2.99 டாலர். அந்த விலைக்கு அன்று மற்ற இதழ்களில் அதில் பாதி அளவுதான் கதைப்பக்கம் இருந்தது. இரண்டாவது இதழ் அந்த வழக்கமான அளவுக்கே வந்துவிட்டது. விருந்து சாப்பிட்டவருக்கு மறுநாள் வீட்டுச் சாப்பாடு குறைவாகத் தெரிவது மாதிரி, பக்கங்கள் பாதியானதுமே கதையும் பாதியானதாக ஓர் எண்ணம் வந்துவிடும். இது கதாசிரியரின் குறை இல்லை. ஆனால் முடிவெடுக்கும்போது கணக்கில் வைக்க வேண்டிய விஷயம்.

கதையைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது இதழ் நல்ல இதழ். காட்டு வழி நடக்கும் தம்பதி, பச்சைக் குழந்தை, பின்னாலேயே கூலிக்குக் கொல்லும் ஸ்டாக். இடுப்புக்குக் கீழே சிலந்தி உடம்பு கொண்ட அந்தப் பெண்ணை ஸ்டேபிள்ஸ் வரைந்திருக்கும் விதத்தில், பயமும் அழகும் ஒரே உருவத்தில் வந்து நிற்கும். உலகம் பெரிதாகிறது, ஆபத்து பெரிதாகிறது. அந்தத் தம்பதி, அலானாவும் மார்க்கோவும், மட்டும் முதல் இதழில் எவ்வளவு தெரிந்தார்களோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் தெரிகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்களுடைய ஆழம் மூன்று, நான்கு, ஐந்து என்று போகப் போகத்தான் வருகிறது. ஆறையும் சேர்த்துப் படித்தபோது அதே இரண்டாவது இதழ் எனக்கு எவ்வளவோ நிறைவாக இருந்தது. இப்படிப்பட்ட தொடருக்குத் தொகுப்பு பொருத்தமான வழி.

காசுக் கணக்கும் அதையே சொல்கிறது. முதல் ஆறு இதழ்களைத் தனித்தனியாக வாங்கியவருக்கு 17.94 டாலர் ஆகியிருக்கும். அதே ஆறும் அந்த வருடம் அக்டோபரில் தொகுப்பாக 9.99 டாலருக்கு வந்தது. ஏழு மாதம் பொறுத்திருந்தவருக்குக் கிட்டத்தட்டப் பாதி விலை. இந்தியாவில் இருந்து வாங்குபவருக்குத் தனி இதழ் ஒவ்வொன்றுக்கும் அனுப்பும் செலவு வேறு சேரும். எனவே காசை மட்டும் பார்த்தால் இரண்டாவது வழிக்குப் போட்டியே இல்லை.

ஆனால் காசை மட்டும் பார்க்க மனசு வரவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மாத இதழ்கள் பெரும்பாலும் காமிக்ஸுக்கென்றே இருக்கும் கடைகள் மூலம்தான் விற்கின்றன. கடைக்காரர் முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காமல் மிஞ்சியதைத் திருப்பித் தர பொதுவாக வழியில்லை. இரண்டாவது இதழுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டிய நாள், முதல் இதழ் எப்படி விற்றது என்று தெரியும் முன்பே வந்துவிடும். போதாததற்கு, முதல் இதழைப் பல விதமான அட்டைகளில் போட்டுச் சேகரிப்பாளர்களையும் இழுத்திருப்பார்கள், இரண்டாவதற்கு அவர்கள் வரமாட்டார்கள். அதனால் நல்ல தொடராக இருந்தாலும் இரண்டாவது இதழுக்கு ஆர்டர் சரிவது சகஜம். பெரிய நாயகர்களின் இதழ்கள் அதைத் தாங்கிவிடும். எழுதியவரும் வரைந்தவருமே உரிமையாளர்களாக இருக்கும் தொடர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இமேஜ் போன்ற இடத்தில் பதிப்பகம் தன் கட்டணத்தையும் அச்சுச் செலவையும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் படைப்பாளிக்கு. எல்லா வாசகரும் தொகுப்புக்குக் காத்திருந்தால், சில தொடர்கள் தொகுப்பு போடும் அளவுக்கு உயிரோடு இருக்காது. பெயர் தெரியாத ஒருவரின் தொடர் பிடித்திருக்கிறதா, உங்களால் முடிகிறதா, இரண்டாவது இதழையும் மூன்றாவதையும் உடனே வாங்குங்கள். அந்தச் சில இதழ்களில் உங்கள் காசு செய்யும் வேலையைப் பின்னால் எந்தத் தொகுப்பு வாங்கியும் செய்ய முடியாது.

மாத இதழில் மட்டுமே கிடைக்கும் வேறு சிலதும் உண்டு. 'சாகா'வின் கடைசிப் பக்கங்களில் வாசகர் கடிதப் பகுதி வரும். தபாலில், காகிதத்தில் எழுதி அனுப்பும் கடிதங்களைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். தொகுப்புகளில் அந்தப் பகுதி கிடையாது. முன்பின் தெரியாத வாசகர்கள் தங்கள் பிரசவத்தையும் பிரிவையும் பற்றி அதில் எழுதியிருப்பதைப் படித்தால், கதை எத்தனை வீடுகளுக்குள் போயிருக்கிறது என்று புரியும். பிறகு, காத்திருத்தல். 2018 ஜூலையில் 54-வது இதழின் கடைசிப் பக்கத்தோடு தொடர் நின்றது. 55-வது வந்தது 2022 ஜனவரியில். அந்த மூன்றரை வருடத்தையும் கடந்து வந்தவர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கம் ஒரு பொருள். இன்றைக்குத் தொகுப்பில் படிப்பவர் அடுத்த புத்தகத்தைக் கையை நீட்டி எடுத்துக்கொள்கிறார். அவருக்கு அது வேறு பொருள்.

காத்திருத்தலைப் பற்றித் தமிழ் காமிக்ஸ் வாசகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயன் காமிக்ஸில் 'இரத்தப் படலம்' என்ற பெயரில் வந்த பெல்ஜியத் தொடரைத் தொடர்ந்தவர்கள் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். ழான் வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்த அந்தத் தொடரின் முதல் ஆல்பம் 1984-ல், இரண்டாவது 1985-ல். அங்கே இடைவெளி மாதக் கணக்கில் இல்லை, வருடக் கணக்கில். முதல் ஆல்பத்தில், கழுத்துக்குக் கீழே பதின்மூன்று என்று பச்சை குத்தப்பட்ட, தன்னையே மறந்துபோன ஒருவன் கரை ஒதுங்குகிறான். துப்பாக்கிக்காரர்களிடமிருந்து ஓடுகிறான், கடைசியில் ஒரு பெயர் கிடைக்கிறது. இரண்டாவது ஆல்பத்தில் அந்தப் பெயருக்கு உரிய வீட்டுக்கே போய் நிற்கிறான். அங்கே தகப்பன் இருக்கிறார், உறவு இருக்கிறது, சொத்துத் தகராறு இருக்கிறது. ஓடுகிறவனாக மட்டும் தெரிந்தவன், ஒரு வீட்டில் தன்னை யாராக நினைக்கிறார்களோ அவனாக உட்கார வேண்டியிருக்கிறது. துரத்தல் கொஞ்சம் குறைகிறது, ஆள் வளர்கிறான். சுமார் 50 பக்க ஆல்பம் என்பதால் அதற்கு இடமும் இருந்தது. 22 பக்க அமெரிக்க இதழிடம் அதே அளவு வளர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அங்கே ஒரு காட்சி, ஒரு வசனம் போதும்.

மூன்றாவது வழியான விட்டுவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டாவது இதழின் பாதி முதல் இதழில் நடந்ததையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் யோசியுங்கள். முதல் இதழின் கடைசிப் பக்கத்தில் செத்ததாகக் காட்டிய ஆள், காரணமே இல்லாமல் இரண்டாவதின் முதல் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்தால் இன்னும் நன்றாக யோசியுங்கள். கடைசிப் பக்கத்து அதிர்ச்சிக்கு அந்த எழுத்தாளரே மதிப்புக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். இப்படி ஒரு தொடரை, முதல் இதழ் தந்த சந்தோஷத்துக்கு நன்றிக்கடன் மாதிரி, ஏழாவது இதழ் வரை வாங்கினேன். அந்தக் காசில் வேறு இரண்டு தொடர்களுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் இப்போதும் இருக்கிறது. முதல் இதழ் பிடித்தது உண்மை. அதை வைத்துக்கொள்ளலாம், மற்றதை நிறுத்தலாம்.

சரி, நடைமுறையில் நான் செய்வது இது. இரண்டாவது இதழைப் படித்து ஒரு வாரம் எடுத்து வைத்துவிடுவேன். பிறகு புத்தகத்தைத் திறக்காமல், அதில் வந்த முக்கியமான ஆளைப் பற்றி எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது என்று நினைத்துப் பார்ப்பேன். உடனே பதில் வந்தால் தொடர்ந்து வாங்குவேன். நடந்த சம்பவங்களும் அந்த இடத்தின் தோற்றமும் மட்டும் நினைவுக்கு வந்தால் தொகுப்புக்குக் காத்திருப்பேன். படைப்பாளி புதியவர் என்றால் மட்டும் மூன்றாவது இதழ் வரை கூடப் போவேன். முதல் இதழின் காட்சிகளே நினைவுக்கு வந்துகொண்டிருந்தால் அத்தோடு நிறுத்திவிடுவேன். முடிந்துபோன பழைய தொடர் என்றால் தொகுப்பைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை, ஆனால் அதையும் ஒரே மூச்சில் படிக்க மாட்டேன். 'வாட்ச்மென்' வந்த காலத்தில் வாசகருக்கு ஓர் இதழுக்கும் அடுத்ததுக்கும் நடுவே குறைந்தது நான்கு வாரம் இருந்தது. விளம்பரமே இல்லாத 32 பக்கம், முதல் மூன்று இதழ்களில் கதை முடிந்ததும் பின்னால் ஓய்வுபெற்ற ஒரு முகமூடி நாயகரின் சுயசரிதைப் பக்கங்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் புரட்ட நேரம் இருந்தது. அந்த இதழ்கள் அப்படிப் படிப்பதற்காகவே கட்டப்பட்டவை.

அக்கா மகனிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதே, நிறுத்தவும் செய்யாதே, முதல் இரண்டையும் இன்னொரு தடவை படி, இந்த முறை அவசரப்படாமல், பேச்சை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போ என்றேன். அரை மனசாகத்தான் "சரி மாமா" என்றான்.

நேற்று ராத்திரி ஒரு கட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். மழை, திறந்த குழி. எல்லோரும் கலைந்துகொண்டிருக்கும் நேரத்தில் டான் தன் கையில் இருந்ததை உள்ளே போடுகிறார். சின்னதாக, மஞ்சளாக ஒன்று. கீழே எழுதியிருந்தான்: "இது முதல் பக்கத்துல சாக்கடையில கிடந்த அதே பேட்ஜ்தானே மாமா?"